உது பழுதான ஃபைல் இல்லை, உது பாமினி

[திரை: பழைய லப்டொப் ஒண்டின்ர திரை, கிட்டவாக. ஒரு வினாத்தாள் திறந்திருக்கு. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து, இடைக்கிடை அரைப்புள்ளி.]

வணக்கம். இந்தப் பக்கத்தின்ர தலைப்பை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. என்ன பாஷை எண்டு நினைக்கிறியள்?

தமிழ். பாஷையும் தமிழ், அந்தச் சொல்லும் 'தமிழ்'தான். ஒரு தமிழ் வினாத்தாளின்ர தலைப்பு அது.

எப்பிடி இப்பிடி ஆச்சுது, அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏன் ரெண்டு கிழமை போச்சுது எண்டதுதான் இண்டையான் கதை. விண்டோஸுக்குப் பதிலாக் கணனியை ஓட்டுற, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் பாவிக்கிற ஒரு ஆளுக்கு எப்பிடி உதவுறது, உதவி எப்பிடிக் கேக்கிறது எண்டதும் இதுக்குள்ளயே வரும்.

[திரை: ரியூசன் கொட்டில். கரும்பலகையில பாதி அழிச்ச கணக்கு. வாங்கில மூண்டு லப்டொப்.]

இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம், ஒரு ரியூசன் கொட்டில். சனிக்கிழமை பின்னேரம் கடைசி வகுப்பு விட்டாப் பிறகு ஏழெட்டுப் பேர் வந்து குந்துவம். சங்கம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. லினக்ஸ் போடவேணும் எண்டு வாறவைக்குப் போடக் காட்டுறது, போட்டிட்டு முழிக்கிறவைக்குப் பக்கத்தில இருக்கிறது, அவ்வளவுதான். காசு வாங்கிறேல்லை. பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் இருக்கும். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினா 25 நாளும் ஒருத்தரையும் பிடிக்கேலாது.

2025 ஒக்டோபர் 14க்குப் பிறகு வாற ஆக்கள் கூடிட்டினம். அண்டையோட விண்டோஸ் 10க்கு வழமையாக் கிடைச்ச பாதுகாப்பு அப்டேட் நிண்டுபோச்சு. 11க்கு மாறுவம் எண்டா டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் வேணும், இன்டெல் புரோசசர் எண்டா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கவேணும். எங்கட வீடுகளில இருக்கிற கன லப்டொப் அந்த வாசல்படியிலயே நிண்டிடும். புதுசு வாங்குவமோ எண்டா, 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 350ஐத் தாண்டின பிறகு கடையில விலை கேக்கவே கை நடுங்குது. ஆனா அதே பழைய பெட்டியில, 4 ஜிபி ரேம் இருந்தாலே லினக்ஸ் மின்ட் ஓடும். லினக்ஸில கன வகை இருக்கு, மின்ட் அதில ஒண்டு. எக்ஸ்எஃப்சிஈ எண்ட இலேசான பதிப்பைப் போட்டா இன்னும் சுகம்.

ஒண்டை இப்பவே சொல்லிப்போடுறன். வாற எல்லாருக்கும் நாங்கள் லினக்ஸ் போடுறேல்லை. கலியாண அல்பம் செய்யிற ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் வந்தவர். அவற்றை தொழிலே ஃபோட்டோஷொப்பில, அதுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. 'அண்ணை, உங்களுக்கு இது வேண்டாம்' எண்டு பிளேன்ரீ குடுத்து அனுப்பினம். ஆள் மாறவேணும் எண்ட ஆசையில பிழைப்பைக் கெடுக்கக் கூடாது.

[திரை: திரும்பவும் அந்த வினாத்தாள்.]

சரி, மாஸ்டரிட்ட வருவம். இளைப்பாறின தமிழ் ஆசிரியர். சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் அவற்றை லப்டொப்பில மின்ட் போட்டுக் குடுத்திட்டு வெளிநாடு போயிட்டான். இன்ரநெற் வேலை செய்யுது, படம் பாக்கலாம், எல்லாம் சரி. ஆனா இருபது வருசமா அடிச்சு வைச்ச வினாத்தாள் ஒண்டும் வாசிக்க ஏலாது. திறந்தா இந்தக் கோலம்.

எங்கட பெடியள் பாத்திட்டு முதல் சொன்ன பதில்: 'ஃபைல் பழுதாப் போச்சு மாஸ்டர்.' மனுசன்ர முகத்தை நீங்கள் பாத்திருக்கவேணும். இன்னொருத்தன் திரையைப் படம் எடுத்து, இணையத்தில லினக்ஸ் விண்ணர்களிட்ட ஆங்கிலத்தில கேட்டான். அவை பாவம், அக்கறையாத்தான் பதில் சொல்லிச்சினம். என்கோடிங், அதாவது எழுத்தை இலக்கமாச் சேமிக்கிற முறை, பிழையாம், வேற விதமாத் திறந்து பாக்கட்டாம். திறந்தம். அதே ஜே, கே, பி, ஓ.

ரெண்டாம் கிழமை, மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்த அக்கா ஒருத்தி. முந்தி அச்சகத்தில ரைப்செற்றிங் செய்தவ. லினக்ஸ் எண்டா என்னெண்டே அவவுக்குத் தெரியாது. வாசலில நிண்டபடி எட்டிப் பாத்திட்டுச் சொன்னா: 'உது பாமினியெல்லோ?'

[திரை: இடப்பக்கம் ஆங்கில விசை, வலப்பக்கம் தமிழ் எழுத்து. ஒவ்வொண்டாத் தோன்றுது.]

இப்ப இதை விளங்கப்படுத்துறன். இண்டைக்குப் போனில நாங்கள் அடிக்கிற தமிழ் யூனிகோட். அதில 'த'வுக்கு எண்டு சொந்தமா ஒரு இலக்கம் இருக்கு, உலகத்தில எந்தக் கணனியிலயும் அது 'த'தான். பாமினி அப்பிடி இல்லை. பாமினி வெறும் எழுத்துரு. ஜே இருக்கவேண்டிய கதிரையில 'த' எண்ட படத்தை இருத்தி வைச்சிருக்கு. கே எண்டா 'ம'. பி எண்டா விசிறி, இகரத்துக்கு. ஓ எண்டா 'ழ'. அரைப்புள்ளி எண்டா மேல வைக்கிற குத்து. சேத்துப் பாருங்கோ: தமிழ்.

அப்ப கணனியைப் பொறுத்தவரையில மாஸ்டர் இருபது வருசமா அடிச்சது ஆங்கில எழுத்து. பாமினி இருக்கும் மட்டும் அது தமிழ் வேசம் போட்டுக்கொண்டு நிக்கும். புதுசாப் போட்ட லினக்ஸில பாமினி இல்லை, வேசம் கழண்டுபோச்சு. ஃபைலில ஒரு பழுதும் இல்லை.

இதில ஒரு பகிடி இருக்கு. யூனிகோடின்ர முதல் பதிப்பு வந்தது 1991இல, அப்பவே தமிழ் அதுக்குள்ள இருந்தது. லினக்ஸும் 1991. ரெண்டும் ஒரு வயசுப் பிள்ளையள். நாங்கள்தான் அதுக்குப் பிறகும் எத்தினையோ வருசம் பாமினியோட குடும்பம் நடத்தினம்.

[திரை: லிப்ரே ஒபிஸின்ர மேல்பட்டை, எழுத்துருப் பெயர் இருக்கிற பெட்டி பெருசாத் தெரியுது.]

இது லிப்ரே ஒபிஸ், வேர்ட் மாதிரி லினக்ஸில ஆவணம் திறக்கிறது. வடிவாப் பாத்திருந்தா முதல் நாளே பிடிச்சிருக்கலாம். இந்தப் பெட்டியில 'பாமினி' எண்ட பேர் சாய்ஞ்சு நிக்குது, கண்டியளோ? அந்த எழுத்துரு இந்தக் கணனியில இல்லை, வேற ஒண்டைப் போட்டுச் சமாளிக்கிறன் எண்டு லிப்ரே ஒபிஸ் சொல்லுற விதம் அது. நாங்கள் ஏழு பேரும் பக்கத்தைப் பாத்தம், பேரைப் பாக்கேல்லை.

வைத்தியம் லேசு. மாஸ்டரின்ர பழைய விண்டோஸ் கணனியில இருந்து பாமினி ஃபைலைப் பென் டிரைவில எடுத்தம். மின்ட்டில அதை ரெண்டு தரம் கிளிக் பண்ணினா எழுத்துரு எப்பிடி இருக்கும் எண்டு காட்டும், அதிலயே இன்ஸ்டோல் பொத்தானும் இருக்கும். அமத்தினம். லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தம். சாய்ஞ்சு நிண்ட பேர் நிமிந்திட்டுது, வினாத்தாளும் வந்திட்டுது. மாஸ்டர் ஒண்டும் கதைக்கேல்லை, முதல் கேள்வியில ஒரு சந்திப் பிழை கிடக்கு எண்டு மட்டும் சொன்னார்.

[திரை: ஒரு கை மவுஸில. இன்னொரு கை அதை வாங்குது.]

இனி என்ர பிழையைச் சொல்லுறன். இப்ப 'அமத்தினம்' எண்டு சொன்னன் எல்லோ? அமத்தினது நான். பாமினி ஃபைல் வந்த உடனே மாஸ்டரின்ர கையில இருந்து மவுஸைப் பறிச்சன். ரெண்டு நிமிசத்தில முடிச்சன். எனக்குப் பெரிய புளுகம்.

அடுத்த சனி மாஸ்டர் மகளின்ர லப்டொப்பைக் கொண்டுவந்தார். அதே வருத்தம். 'மாஸ்டர், போன கிழமை செய்தமாதிரிச் செய்யுங்கோவன்' எண்டன். கண்ணாடிக்கு மேலால பாத்தார். 'செய்தது நீர்தானே தம்பி?'

அண்டையில இருந்து கொட்டிலில ஒரு வழக்கம்: மவுஸ் கணனிக்குச் சொந்தக்காரற்றை கையில. உதவுறவர் கையைக் கட்டிக்கொண்டு வாயால சொல்லுறது. சரியான கஷ்டம். 'இடப்பக்கம் கீழ் மூலையில' எண்டு ஒரே வசனத்தை அஞ்சு தரம் சொல்லவேண்டி வரும். ரெண்டு நிமிச வேலைக்கு அரை மணித்தியாலம் போகும். எண்டாலும் அந்த அரை மணித்தியாலத்திலதான் தெரியுது, நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிற இடத்தில புது ஆள் எங்க தடக்கி விழுறார் எண்டு. 'எனக்குப் படிக்க நேரமில்லை, வேலை செய்தாச் சரி' எண்டு வாறவையும் இருக்கினம், அது பிழையில்லை. அவைக்குச் செய்து குடுத்திட்டு, என்ன செய்தது எண்டு ஒரு தாளில எழுதிக் குடுத்துவிடுவம்.

அந்தத் தாளாலயும் ஒரு சண்டை வந்தது. 'எழுத்துருவை நிறுவவும்' எண்டு வடிவா அடிச்சு மாஸ்டரிட்டக் காட்டினன். சிவப்புப் பேனையை எடுத்தார். 'என்ன தம்பி, சிலையோ நிறுவப்போறியள்? இன்ஸ்டோல் எண்டு எழுதும், சனத்துக்கு விளங்கும்.' சொல்லுறது தமிழ் ஆசிரியர்!

உண்மையில இது சின்ன விசயம் இல்லை. ஆங்கிலத்தில ஒப்பரேட்டிங் சிஸ்டம் எண்டுறதை எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில 'பணிசெயல் முறைமை' எண்டு படிச்ச பிள்ளை, தமிழ்நாட்டுக் கட்டுரையில 'இயங்குதளம்' எண்டு கண்டா வேற என்னவோ எண்டு நினைக்குது. மின்ட்டின்ர மெனுவைத் தமிழுக்கு மாத்தலாம், மாத்தினா சில பேர் சந்தோசப்படுவினம், ஆங்கில மெனுவில பழகினவை வழிதவறிப் போவினம். அதால முதல் கேள்வியே 'உங்களுக்கு எதில வேணும்?' எண்டதுதான். மொழிபெயர்ப்பு பிடிக்கேல்லையெண்டா முறைப்பட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. மின்ட்டுக்கு லோஞ்ச்பாட், லிப்ரே ஒபிஸுக்கு வெப்லேட் எண்ட மொழிபெயர்ப்புத் தளங்களில ஆர் வேணுமெண்டாலும் திருத்தம் குடுக்கலாம். வாசிக்கத் தேடுறவைக்குத் தமிழ்நாட்டில இருந்து 'கணியம்' எண்ட இணையத்தளம் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலயே எழுதி வருது.

தமிழ் அடிக்கிறதைப் பற்றிக் கேப்பியள். வேற பாஷை அடிக்க உதவுற ஐபஸ் எண்ட மென்பொருளோட எம்17என் எண்டதைப் போட்டா தமிழ்99, ஒலிப்பு முறை, எங்கட ரங்கநாதன் எண்ட விசைப்பலகை முறையெல்லாம் பட்டியலில வரும். ஆருக்கு எது விரலில இருக்கோ அது.

[திரை: வாட்ஸ்அப். ஏழு குரல் பதிவு வரிசையா.]

இப்ப கேக்கிற பக்கம். எங்கட வாட்ஸ்அப் குழுவுக்கு வாற கேள்வியில முக்கால்வாசி குரல் பதிவு. 'அண்ணா, வைஃபை வேலை செய்யேல்லை, என்ன செய்யிறது?' பின்னால மிக்ஸிச் சத்தம். இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல? எந்த லப்டொப்? நேற்று வேலை செய்ததோ? இடையில என்ன செய்தனீங்கள்? நாலு நாள் கழிச்சு இன்னொருத்தருக்கு இதே சிக்கல் வந்தா அந்தக் குரல் பதிவைத் தேடி எடுக்கவும் ஏலாது.

எழுதுங்கோ. என்ன செய்யப் பாத்தனீங்கள், என்ன வரும் எண்டு நினைச்சனீங்கள், என்ன வந்தது. பிழைச் செய்தி ஏதும் வந்தா உங்கட சொல்லில சொல்லாமல் அப்பிடியே பிரதி பண்ணிப் போடுங்கோ. லினக்ஸே ஒரு கேள்வியோட வெளியில வந்ததுதான். 1991 ஓகஸ்ட் 25, ஹெல்சிங்கியில 21 வயசு மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் எண்ட வேறொரு பணிசெயல் முறைமையைப் பாவிக்கிற ஆக்களிட்ட, நான் இப்பிடி ஒண்டு செய்யிறன், உங்களுக்கு என்ன வசதி வேணும் எண்டு எழுதிக் கேட்டவர். எழுதினபடியால்தான் இண்டைக்கும் வாசிக்கக் கிடக்கு.

[திரை: கறுப்பு முனையம். ஒரு வரிக் கட்டளை, கடைசி எழுத்தைச் சுத்தி வட்டம்.]

கணனியைப் பற்றின விவரத்துக்கு, முனையம் எண்ட கட்டளை அடிக்கிற இந்தக் கறுப்புப் பெட்டியில, இந்தக் கட்டளை. ஐநெக்ஸி எண்டு வாசிச்சாலும் பரவாயில்லை. புரோசசர், ரேம், வைஃபை சிப், எந்த டிரைவர் எண்டு எல்லாம் வரும். வட்டம் போட்ட கடைசி எழுத்து ஆங்கில இசட், அதை விடாதேங்கோ. கருவியின்ர தொடரிலக்கம், வலையமைப்பு முகவரி மாதிரி ஊருக்குக் காட்டத் தேவையில்லாததை அது மறைச்சுப்போடும். முனையம் பிடிக்காட்டி, மின்ட்டில சிஸ்டம் ரிப்போர்ட்ஸ், புதுப் பதிப்பில சிஸ்டம் இன்ஃபர்மேஷன், எண்ட இடத்தில இதே விவரம் இருக்கு.

மற்றப் பக்கமும் பாருங்கோ. ஆரோ அனுப்பின கட்டளையை, அது சூடோ எண்டு, அதாவது கணனியில எதையும் மாத்துற முழு அதிகாரத்தோட, துவங்கினா, என்ன செய்யும் எண்டு கேக்காமல் ஒட்டாதேங்கோ. விளங்கப்படுத்த ஏலாதவர் அனுப்பியிருக்கவே கூடாது. அதுக்கு முதல் மின்ட்டில இருக்கிற டைம்ஷிஃப்ட் எண்ட கருவியில ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. அது சிஸ்டத்தைப் பழையபடி கொண்டுவரும். உங்கட படம், ஆவணத்துக்கு வேற பிரதி வேணும், டைம்ஷிஃப்ட் அதைப் பாக்காது.

[திரை: சாவிக்கொத்தில தொங்குற பென் டிரைவ்.]

புதுசா வாறவை முதலே அழிச்சுப் போடத் தேவையில்லை. பென் டிரைவில இருந்தே ஓட்டிப் பாக்கலாம். வைஃபை பிடிக்குதோ, சத்தம் வருதோ, தமிழ் அடிக்கேலுமோ எண்டு பாத்து, பிடிச்சாப் போடுங்கோ. அந்த ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி, டேட்டா விக்கிற விலைக்கு ஆளாளுக்கு இறக்கத் தேவையில்லை. ஒருத்தர் இறக்கிப் பத்துப் பேருக்குக் குடுக்கலாம். களவு இல்லை, அனுமதிப்பத்திரமே குடு எண்டுதான் சொல்லுது. கை மாறி வந்ததெண்டா ஷா256 கூட்டுத்தொகையைப் பாருங்கோ, ஃபைலின்ர கைரேகை மாதிரி, 64 எழுத்து. மின்ட்டின்ர தளத்தில இருக்கிறதோட ஒரு எழுத்து மாறினாலும் அந்தப் பிரதி வேண்டாம்.

'இதெல்லாம் படிச்ச ஆக்களுக்கு' எண்டு ஒரு அம்மா சொன்னா. மாஸ்டர்தான் பதில் சொன்னவர்: 'பிள்ளை, தொண்ணூறுகளில கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள் எல்லோ. உமக்கு அப்ப ஆர் வகுப்பு எடுத்தது?'

[திரை: இடப்பக்கம் பாமினி, வலப்பக்கம் யூனிகோட்.]

மாஸ்டரின்ர வேலை இன்னும் முடியேல்லை. பாமினி இல்லாத போனிலயும் பேரப்பிள்ளையள் வாசிக்கவேணுமாம், எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்துறம். எழுத்துரு மாற்றி எண்ட கருவி ஒண்டில ஒட்டினா ஒரு நொடியில தமிழ் வருது. ஆனா மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் எண்டு தெரியாது. வினாத்தாளின்ர மூலையில ஆங்கிலத்தில 'கிரேட்' எண்டு அடிச்சிருந்ததையும் விடாமல் தமிழாக்கிப் போட்டுது. என்ன வந்தது தெரியுமோ?

'புசயனந 10'.

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. இப்ப ரியூசன் பிள்ளையளும் தங்கட வகுப்பை அப்பிடித்தான் சொல்லுதுகள். ஒவ்வொரு தாளா, மாஸ்டர் மவுஸைப் பிடிக்க, அச்சக அக்கா பக்கத்தில இருந்து பிழை சொல்ல, கையாலதான் திருத்துறம். பத்து முடிஞ்சுது. வாற சனி புசயனந 11.