ஒரு சதுரத் தகடு, 36 கட்டங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மீட்டர் பக்கமுள்ள மெல்லிய சதுர உலோகத் தகடு வெட்டவெளியில் தனியாக நிற்கிறது. அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் வகுத்தால் வருவது, எவ்வளவு? கோளத்துக்குச் சூத்திரம் உண்டு, வட்டத் தகட்டுக்கும் உண்டு. சதுரத்துக்கு இன்றுவரை கைக்கடக்கமான சூத்திரம் கிடையாது.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷ் இத்தகைய தகடுகளைத் தன் வீட்டிலேயே அளந்து ஒப்பிட்டார். அவருடைய கையெழுத்துப் படிகளை 1879இல் பதிப்பித்த இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், சதுரத்தை 36 கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். பக்க நீளத்தில் 0.3607 மடங்கு என்று விடை வந்தது. ஆரத்தின் அளவே கோளத்தின் மின்தேக்குத்திறன் என்று கொள்ளும் அலகு அது. இன்று கணினி தரும் மதிப்பு 0.3668, வழக்கமான அலகில் நம் தகட்டுக்குச் சுமார் 40.8 பிக்கோஃபாரட். கையால் போட்ட கணக்கில் பிழை இரண்டு சதவீதம்கூட இல்லை!

வழி எளிது. கடத்தியின் மின்னூட்டம் முழுவதும் மேற்பரப்பில்தான் இருக்கும். மேற்பரப்பெங்கும் மின்னழுத்தம் ஒன்றே. ஆக, மின்னழுத்தம் தெரியும், மின்னூட்டம் எங்கே எவ்வளவு என்பதுதான் தெரியாது. பரப்பைக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் மின்னூட்டம் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்கிறோம். எல்லாக் கட்டங்களும் சேர்ந்து ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அதே மின்னழுத்தத்தைத் தர வேண்டும். கட்டத்துக்கு ஒரு சமன்பாடு கிடைத்துவிடும். சதுரத்தின் சமச்சீரைப் பயன்படுத்தினால் 36 கட்டங்களுக்கு 6 மாறிகளே மிஞ்சும்.

நான்கே கட்டங்களோடு நீங்களே போட்டுப் பாருங்கள். சதுரத்தின் பக்கம் 1, கட்டத்தின் பக்கம் 0.5. நான்கும் சமம், ஆகவே மின்னூட்ட அடர்த்தியை 1 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கட்டத்தின் நடுவில் மின்னழுத்தத்தில் அதன் சொந்தப் பங்கு, கட்டத்தின் பக்கத்தைப்போல் 3.525 மடங்கு, அதாவது 1.763. மற்றக் கட்டங்களுக்கு, மின்னூட்டம் 0.25ஐ நடுவிலிருந்து நடுவுக்குள்ள தூரத்தால் வகுத்தால் ஏறத்தாழச் சரி: அடுத்திருக்கும் இரண்டும் தலா 0.5, மூலைவிட்டத்தில் இருப்பது 0.354. கூட்டினால் ஏறத்தாழ 3.12. மொத்த மின்னூட்டம் 1, அதை இந்த மின்னழுத்தத்தால் வகுத்தால் 0.32. பிரிக்காமல் ஒரே கட்டமாக வைத்திருந்தால் 0.284தான் வந்திருக்கும்.

இதற்குப் பிறகு விடை மெதுவாகத்தான் நெருங்கும். காரணம் விளிம்பு. மெல்லிய தகட்டின் விளிம்பை நெருங்க நெருங்க மின்னூட்டம் அடர்ந்துகொண்டே போகிறது: தூரம் கால்வாசியானால் அடர்த்தி இரட்டிப்பாகும். மூலைகளில் இன்னும் கடுமை. கணினி வலுவாக இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கட்டங்களைப் பெருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நடுவில் பெரிய கட்டங்களே போதும். விளிம்பை ஒட்டித்தான் குறுகிய பட்டைகள் வேண்டும். மாணவர்களிடம் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

பெருக்குவதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு கட்டமும் மற்ற எல்லாவற்றையும் பாதிப்பதால், சமன்பாடுகளின் எண்களை வரிசையாக அடுக்கிய அட்டவணையில் (அணியில்) பூச்சியமே இராது. 10,000 கட்டங்களென்றால் 10 கோடி எண்கள். நினைவகத்தில் 800 மெகாபைட். கட்டங்களை இரட்டித்தால் நினைவகம் நான்கு மடங்கு, நேரடியாகத் தீர்க்கும் நேரம் எட்டு மடங்கு. தொலைவிலுள்ள கட்டங்களைத் தனித்தனியாகப் பாராமல் தொகுதியாகக் கணக்கிடும் வழியை 1987இல் கணிதவியலாளர்கள் கிரீன்கார்டும் ராக்லினும் தந்தார்கள். 1991இல் எம்.ஐ.டி.யில் வெளிவந்த ஃபாஸ்ட்கேப் நிரல், சிப்புக்குள் பின்னிக் கிடக்கும் கம்பிகளின் மின்தேக்குத்திறனை அந்த வழியில்தான் கணக்கிட்டது.