கார்ட்டூன் கிடைக்கிறது, குரல் கிடைக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

1993ஆம் ஆண்டு டிசம்பர் 12, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹங்கேரி நாட்டுத் தொலைக்காட்சியில் ‘டக் டேல்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. நாணயக் குவியலுக்குள் குதித்து நீச்சல் அடிப்பாரே, அந்தக் கஞ்ச வாத்து ஸ்க்ரூஜின் கதைதான். திடீரென்று நடுக்கதையில் படம் நின்றுபோனது. நாட்டின் பிரதமர் யோஜெஃப் ஆன்டல் காலமாகிவிட்டார் என்பதுதான் காரணம். அன்று தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. ‘டக் டேல்ஸ் தலைமுறை’ என்றே அவர்களுக்கு அங்கே பெயர். ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைக்கிறது என்றால், இதையெல்லாம் சின்னப்பிள்ளை சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சில ஆண்டுகள் சென்னையில் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதியவன் என்பதால் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். நின்றுபோன, மறந்துபோன கார்ட்டூன்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த நாள் ஞாபகம் என்று பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என்ன தொலைந்தது, ஏன் தொலைந்தது என்று கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம்.

முதலில் இரண்டு பூனைகள். ‘ஸ்வாட் கேட்ஸ்’ பார்த்தவர்களுக்கு இந்நேரம் அந்த கிட்டார் ஒலி காதில் கேட்டிருக்கும். மெகாகேட் நகரத்தின் பழைய இரும்புக் கிடங்கில் மெக்கானிக் வேலை பார்க்கும் இருவர், ஊருக்கு ஆபத்து என்றால் முகமூடி கட்டிக்கொண்டு, வீசியெறிந்த உதிரிபாகங்களில் தாங்களே உருவாக்கிய ஜெட் விமானத்தில் பறப்பார்கள். ட்ரெம்ப்ளே சகோதரர்களின் கற்பனை. ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் தயாரிப்பு. 1993 செப்டம்பரில் தொடங்கியது, 1995 ஜனவரியில் முடிந்தது. ஒன்றரை ஆண்டுகூட நிறையவில்லை. எழுதிக்கொண்டிருந்த சில கதைகள் அப்படியே பாதியில் நின்றன. கடைசியாக வந்தது, பழைய காட்சிகளை வெட்டி ஒட்டிய ஒரு தொகுப்பு.

இந்தியாவுக்குக் கார்ட்டூன் நெட்வொர்க் வந்ததே 1995இல்தான். நம் பிள்ளைகள் அந்தப் பூனைகளுக்குக் கைதட்டத் தொடங்கியபோது அமெரிக்காவில் கடையை மூடிவிட்டிருந்தார்கள். இது நமக்குத் தெரியாது. இருந்த இருபத்துச் சொச்சம் கதைகளையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். நாமும் புதிது வரும் என்று நம்பித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அந்த நம்பிக்கை எவ்வளவு கெட்டியானது என்றால், 2015இல் அந்தச் சகோதரர்கள் இணையத்தில் நிதி திரட்டியபோது ரசிகர்கள் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் அள்ளிக் கொடுத்தார்கள். 2022இல், நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் தலைமையகம் வைத்திருக்கும் டூன்ஸ் நிறுவனம் அவர்களோடு சேர்ந்து அதைப் புதிதாக எடுக்கப்போவதாக அறிவித்தது.

கார்ட்டூன்கள் ஏன் சட்டென்று நிற்கின்றன? பெரும்பாலும் யாருக்கும் அந்தக் கதைமீது கோபம் இருப்பதில்லை. அமெரிக்காவில் அப்போது 65 என்று ஒரு கணக்கு இருந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், பதின்மூன்று வாரம்: 65 கதைகள். அதை ஆண்டுக்கு நான்கு முறை சுற்றினால் வருடம் முழுவதற்கும் சரக்கு தயார். பார்க்கும் பிள்ளை வளர்ந்து வேறு பக்கம் போய்விடும். அடுத்த பிள்ளைக்கு அதே 65 புதிது. பிறகு எதற்கு அறுபத்தாறாவது கதைக்குச் செலவு செய்ய வேண்டும்? டிஸ்னியின் ‘டேல் ஸ்பின்’ மிகச் சரியாக 65இல் நின்றது. இன்னொரு கணக்கு பொம்மைக் கடையில் நடக்கும். கார்ட்டூன் நன்றாக ஓடினாலும் பொம்மை விற்கவில்லை என்றால் கதை முடிந்தது. ‘யங் ஜஸ்டிஸ்’ என்ற சூப்பர் ஹீரோ தொடர் 2013இல் நின்றதற்குப் பொம்மை வியாபாரம் படுத்ததுதான் காரணம் என்று அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான கிரெக் வைஸ்மேனே சொல்லியிருக்கிறார்.

‘டேல் ஸ்பின்’ என்றதும் தூர்தர்ஷன் நினைவுக்கு வந்திருக்கும். தொண்ணூறுகளின் ஞாயிற்றுக்கிழமை, தேசிய ஒளிபரப்பு, எல்லாம் இந்தியில். தமிழ்நாட்டில் பாதி வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது; ஆனாலும் எல்லோரும் பார்த்தோம். அதே காலத்தில் ஜப்பானில் எடுத்த ‘ஜங்கிள் புக்’ தொடரும் இந்தி பேசி வந்தது. அதன் தலைப்புப் பாட்டு குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்தது. ஷேர்கானுக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர். அந்த ஷேர்கான் காட்டில் உறுமுவான். ‘டேல் ஸ்பின்’னில் வரும் ஷேர்கானோ கோட்டும் சூட்டும் போட்ட கோடீஸ்வர வியாபாரி! ஒரே புலி இரண்டு இடத்தில் இரண்டு உத்தியோகம் பார்ப்பதைப் பற்றி அப்போது யாருமே சந்தேகம் கேட்கவில்லை.

குல்சார், நானா படேகர் என்று பெயர்கள் சரளமாக வருகின்றன, கவனித்தீர்களா? தமிழுக்கு வரும்போதுதான் எனக்கு நா தடுக்குகிறது.

2007 ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கியது. கார்ட்டூன் அதற்கு முன்பே தமிழில் பேசத் தொடங்கியிருந்தாலும், நாள் முழுவதும் தமிழிலேயே குழந்தைகளுக்காக ஓடிய அந்த அலைவரிசை ஒரு தலைமுறையையே பிடித்துக்கொண்டது. டோராவும் புஜ்ஜியும் எந்த வீட்டில் இல்லை? ‘குள்ளநரி திருடக்கூடாது’ என்று சொல்லாத பிள்ளை ஏது? அடுத்து ‘ஜாக்கி சான்’. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை 95 கதைகளோடு முடிந்துபோன தொடர் அது. ஸ்வாட் கேட்ஸைப் போலவே, அங்கே ஓய்ந்த பிறகுதான் சுட்டியில் நமக்கு உயிர் பெற்றது. பழம்பொருள் கடை வைத்திருக்கும் அந்த மாமா, ஜாக்கியின் மண்டையில் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டி, பேச வேண்டியதைப் பேசி முடித்து, திரும்பி நடந்து, மறுபடியும் வந்து இன்னொரு விஷயம் என்று ஆரம்பிப்பார். ஆங்கில மூலத்தையும் பார்த்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நம் ஊர் மாமாதான் மேல். நம் பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும் அந்த இழுவை ஆங்கிலத்தில் இல்லை.

உண்மையைச் சொன்னால், படங்கள் என்று பார்த்தால் இவற்றில் பல சுமார் ரகம்தான். பழைய ஹன்னா-பார்பெரா கார்ட்டூன்களில் ஓடுகிற ஆளுக்குப் பின்னால் அதே ஜன்னலும் அதே பூந்தொட்டியும் திரும்பத் திரும்ப வரும்; ஓவியச் செலவை மிச்சப்படுத்தும் வித்தை. இப்போது பார்த்தால் சலிக்கிறது. நமக்குள் ஒட்டிக்கொண்டது அந்தப் படத்தைவிட அதன்மேல் ஏறி உட்கார்ந்த குரல்தான் என்பது என் கட்சி.

அந்தக் குரல் எப்படி உருவானது என்று சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து படமும், இசையும் ஓசையும் மட்டும் கொண்ட ஓர் ஒலித்தடமும் வரும். பேச்சு இருக்காது. கதவு சாத்தும் சத்தம் இருக்கும், வெடி இருக்கும், மனிதக் குரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். வசனம் எழுதுபவன் படத்தை ஓட்டி ஓட்டி நிறுத்தி, வாய் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று பார்க்க வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ விழுந்தால் பொருத்தமாக இருக்கும். ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடிவது தமிழில் ஏழாக நீளும். அடித்து அடித்துச் சுருக்க வேண்டும். கார்ட்டூன் பூனைதானே, வாய் எப்படி அசைந்தால் என்ன என்று எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் சொல்வார். குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் ஐயா.

பிறகு ஒலிப்பதிவுக்கூடம். தாளைப் பிடித்தால் சரசரக்கும் என்று வசனத்தைத் தாங்கியில் வைத்துவிட்டு, காதில் ஹெட்போனோடு மைக் முன்னால் நிற்பார்கள். ஒன்பது வயதுப் பையனுக்குக் குரல் கொடுப்பவர் பெரும்பாலும் நடுவயதுப் பெண்மணியாக இருப்பார். ஒரே ஆள் வில்லன், வில்லனின் அடியாள், வழியில் போகும் காய்கறிக்காரர் என்று மூன்று பேராகப் பேசுவார். தன் கேள்விக்குத் தானே பதில் சொல்வார். அலறல்களை எல்லாம் கடைசிக்கு ஒதுக்கி வைப்போம். மலையிலிருந்து விழுவது, நெருப்பில் குதிப்பது, பேயைப் பார்ப்பது என்று வரிசையாகக் கத்தி முடித்தால் தொண்டை கட்டிவிடும். அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. வெந்நீர் குடித்துவிட்டு பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது விளம்பரம் வந்துவிடும். விளம்பரம் வராவிட்டாலும் ஓடுவது ஆங்கிலத்தில் பேசியவர்களின் பெயர்கள்தான்.

இலங்கையில் கதை வேறு மாதிரி. ரூபவாஹினி தொலைக்காட்சியில் பக்ஸ் பன்னி முயலுக்கு ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று பெயரிட்டுச் சிங்களம் பேச வைத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. ‘டாக்டர் டூலிட்டில்’ கார்ட்டூனும் அவர் கைபட்டு ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ ஆனது. திரைப்பட இயக்குநராக மதிக்கப்பட்டவர், முயலுக்கு வசனம் எழுத வெட்கப்படவில்லை. 2011இல் அவர் மறைந்தபோது, அந்தக் கார்ட்டூன்களோடு வளர்ந்தவர்களுக்கு யாருக்கு அஞ்சலி செலுத்துகிறோம் என்பது தெரிந்திருந்தது. நம் ஜாக்கி சான் மாமாவுக்குக் குரல் கொடுத்தவர் யார் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தமிழ்க் குரல்கள் இப்போது எங்கே என்பதுதான் என் கவலை. ஒரு தொடரைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் வாங்கித்தான் ஒளிபரப்புகிறார்கள். உரிமம் முடிந்தால் படம் உரிமையாளரிடம் திரும்பிப் போய்விடும். தமிழ் ஒலித்தடம் மட்டும் படமில்லாமல் அநாதையாக நிற்கும். ஒளிபரப்பியவரால் அதைப் போட முடியாது. படத்துக்கு உரியவர் அதைக் கேட்டு வாங்கி வைத்தால்தான் உண்டு. பத்து வருடம் கழித்து அதே தொடர் இணையத் திரைக்கு வரும்போது ஆங்கிலம் இருக்கும், இந்தி இருக்கும். தமிழ் இருந்தால், வேறு யாரோ புதிதாகப் பேசியிருப்பார்கள். கேட்ட மாத்திரத்தில் இது நம் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும்.

சரி, இணையம் இருக்கிறதே, இனி எதுவும் தொலையாது என்று ஆறுதல் சொல்கிறார்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் எச்பிஓ மேக்ஸ் என்ற இணையத் திரை நிறுவனம் தன் தளத்திலிருந்து கார்ட்டூன்களைக் கூட்டமாகத் தூக்கியது. செலவைக் குறைக்கும் ஏற்பாடாம். ‘இன்ஃபினிட்டி ட்ரெய்ன்’ என்ற அருமையான தொடர், எட்டுப் பாகம் வரத் திட்டமிட்டு நான்கோடு நிறுத்தப்பட்டது. அதுவும் போதாதென்று, வந்த நான்கையும் தளத்திலிருந்து அகற்றினார்கள். உருவாக்கியவர்களே திகைத்துப் போனார்கள். சொந்த ஊர்க் கார்ட்டூனுக்கே இந்தக் கதி என்றால் அதன் தமிழ்ப் பேச்சுக்கு யார் பொறுப்பு?

பழைய தமிழ்க் கார்ட்டூன் ஒலி இன்று காதில் விழுகிறது என்றால், அதற்கு ரசிகர்களைத்தான் கும்பிட வேண்டும். யாரோ ஒரு பையன் கணினியில் டிவி கார்டு செருகிப் பதிவு செய்திருப்பான். யாரோ தங்கைக்காக வீடியோ கேசட்டில் பிடித்திருப்பார். ஓரத்தில் அலைவரிசையின் முத்திரை, கீழே ஓடும் விளம்பர வரி, நடுவில் மின்வெட்டு. உரிமையாளர் புகார் செய்தால் அதுவும் மறுநாள் காணாமல் போகும். சட்டம் அவர்கள் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் தாங்களும் வைத்திருக்காமல், வைத்திருப்பவனையும் துரத்துவது என்ன நியாயமோ!

ஆகவே ஒரு வேண்டுகோள். பரணில் பழைய வீடியோ கேசட்டோ, எழுதி வைத்த சிடியோ கிடந்தால், இந்த மழைக்காலத்துக்கு முன் எடுத்துப் பாருங்கள். காந்த நாடாவுக்கு ஈரம் எமன். பூசணம் பிடித்ததை அப்படியே ஓட்டினால் நாடாவும் போகும், கருவியும் போகும். ஊரில் கல்யாண வீடியோ எடுத்த பழைய ஸ்டுடியோக்காரர் யாராவது இன்னும் நாடாவைக் கணினிக்கு மாற்றித் தருவார். மாற்றும்போது விளம்பரங்களை வெட்டச் சொல்லாதீர்கள். எந்த ஆண்டில் பதிவானது என்பதை அந்த சோப்பும் பிஸ்கெட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பேசியவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், உறையின் மேல் பெயரை எழுதி வையுங்கள். பென்சிலால் வேண்டாம்.

வணக்கம்.