நுரையீரலுக்குள் ஒரு ஸ்கேன்: உறைதான் பாதிக் கருவி

நேயர்களுக்கு வணக்கம்.

வயிற்றில் ஸ்கேன் எடுக்கும்போது முதலில் ஜில்லென்று ஒரு ஜெல்லைத் தடவுவார்கள். கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அது. அல்ட்ராசவுண்ட் ஒலி சதைக்குள் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் சுகமாகப் போய்விடும். எதிரில் காற்று வந்துவிட்டால் அவ்வளவுதான், 99.9 விழுக்காடு ஒலி அப்படியே திரும்பிவிடும். காற்றுக்கு அப்பால் இருப்பது எதுவும் படத்தில் வராது.

சரி, காற்றுப் பையான நுரையீரலுக்குள் அல்ட்ராசவுண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கருவி வடிவமைப்பாளன் என்ற முறையில் நான் இன்று பேச வந்திருப்பது இதைப் பற்றித்தான். மருத்துவ விளக்கங்களை மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கருவியின் பக்கம் நின்று பேசுகிறேன்.

மூச்சுக்குழாய்க்குள் குழலை விட்டுப் பார்ப்பது பழைய வித்தை. ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் 1897-இல் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை அப்படித்தான் எடுத்தார். 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா வளையும் குழலான பிராங்கோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். ஆனால் பிராங்கோஸ்கோப்புக்குத் தெரிவது குழாயின் உட்சுவர் மட்டுமே. புற்றுநோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் நெறிக்கட்டிகள் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. அவற்றை எடுக்கக் கழுத்தின் அடியில் கீறி, முழு மயக்கத்தில் அறுவை செய்ய வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் குத்துமதிப்பாகச் சுவர் வழியே ஊசியைச் செலுத்த வேண்டும். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய்கள் இருக்கும் இடம் அது.

1992-இல் ஹூர்ட்டர், ஹான்ராத் என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள் மெல்லிய அல்ட்ராசவுண்ட் புரோபை, அதாவது ஸ்கேன் செய்யும் கம்பி போன்ற கருவியை, மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார்கள். இவ்வகைப் புரோபில் நுனியில் ஒலியை அனுப்பி வாங்கும் ஒரு சின்னக் கிரிஸ்டல், வெளியே ஒரு மோட்டார். இரண்டையும் இணைக்கும் நீண்ட கம்பிச் சுருள், பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பீடோமீட்டர் கேபிளைப் போல உறைக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். கிரிஸ்டல் ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டமாக ஒரு படம் கிடைக்கும். வெளி விட்டம் 1.4 மில்லிமீட்டர் வரை குறைந்துவிட்டது. உறைக்குள் ஒரு திரவம் நிரப்பியிருக்கும். அதில் ஒரு குமிழி புகுந்துவிட்டால் படத்தில் ஒரு பக்கம் கறுத்துவிடும்.

இந்த உறையின் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் எங்களுக்குத் தலைவலி. இவ்வகைப் புரோப் பயன்படுத்தும் 20 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சதைக்குள் 0.08 மில்லிமீட்டருக்கும் குறைவு. உறைச் சுவரின் தடிமனும் அந்த அளவை ஒட்டி வந்துவிடுவதால், அது வெறும் மூடியாக இருந்துவிட முடியாது. ஒலியின் பாதையில் அதுவும் ஒரு பாகம். சிலிக்கோன் மென்மையானது, உடலுக்கும் ஒத்துப்போகும். ஆனால் இந்த அதிர்வெண்ணில் ஒலியை நன்றாகவே விழுங்கிவிடும். டி.பி.எக்ஸ் என்ற பிளாஸ்டிக் ஒலிக்குக் கிட்டத்தட்டத் தண்ணீரைப் போலவே வழிவிடும். சுவரை மெல்லியதாக்கினால் படம் தெளிவாகும், ஆனால் நுரையீரலின் மேல் மடலுக்குள் புரோப் சட்டென்று மடங்கித் திரும்பும் இடத்தில் உறை நசுங்கும், உள்ளே கேபிள் உரசும். விற்பனைக்கு வருகிறவர்கள் படத்தின் தெளிவைக் காட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது உறையைத்தான்.

பெரிய மூச்சுக்குழாய்களில் புரோப் சுவரைத் தொடாமல் காற்றில் தொங்கும். அதற்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹைன்ரிஷ் பெக்கர் போன்றவர்கள் பயன்படுத்திய வழி பலூன். நுனியில் ஒரு பலூனை மாட்டி, உள்ளே சலைனை நிரப்பினால் அது காற்றை ஒதுக்கிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்று ஸ்கேனில் ஜெல் செய்யும் வேலையை இங்கே சலைன் செய்கிறது. ஆனால் பலூன் முழுதாக உப்பினால் நோயாளி மூச்சுவிடும் வழியே அடைபடும். பிரதான மூச்சுக்குழாயில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. இன்னொன்று, பலூன் பெரும்பாலும் லேட்டக்ஸ் என்ற ரப்பர். அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

நுரையீரலின் ஓரத்தில் உள்ள சிறு கட்டிகளுக்கு ஜப்பானின் நோரியாக்கி குரிமோட்டோவும் சகாக்களும் 2004-இல் எழுதிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. புரோபின் மேல் இன்னொரு உறையைப் போர்த்தி இரண்டையும் சேர்த்தே உள்ளே அனுப்புவார்கள். நல்ல நுரையீரலில் காற்றால் படம் பொரிப்பொரியாக வெளுத்துத் தெரியும். கட்டிக்குள் புகுந்ததும் சாம்பல் நிறமாகி விளிம்பு துலங்கும். அந்த இடத்தில் உறையை நிறுத்திவிட்டு, புரோபை மட்டும் உருவி எடுப்பார்கள். இப்போது உறைதான் வழி. அதே வழியில் சாமணமும் பிரஷ்ஷும் போகும். எவ்வளவு தூரம் உள்ளே விட வேண்டும் என்பதை முன்கூட்டியே அளந்து, அவற்றின் மேல் ரப்பர் அடையாளம் மாட்டியிருப்பார்கள். ரத்தம் கசிந்தாலும் உறை அந்தக் கிளையை அடைத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே குறை, சதையை எடுக்கும் நொடியில் படம் கிடையாது.

அந்தக் குறை இல்லாதது 2004-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தின் கசுஹிரோ யாசுஃபுக்கு குழு வெளியிட்ட முறை. இப்போது மருத்துவமனைகளில் ஈபஸ் (EBUS, மூச்சுக்குழாய்க்குள் செய்யும் அல்ட்ராசவுண்ட்) என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கருவியின் முனையிலேயே வளைந்த ஸ்கேன் பரப்பு இருக்கிறது. முனையின் பருமன் சுமார் 7 மில்லிமீட்டர். ஊசி பக்கவாட்டில் சாய்ந்து வெளியே வந்து நெறிக்கட்டிக்குள் நுழைவதைத் திரையில் நேரடியாகப் பார்க்கலாம்.

இங்கே ஊசியைச் சுற்றியும் ஓர் உறை உண்டு; அதன் வேலை கருவியைக் காப்பது. ஊசியைக் கைப்பிடியோடு பொருத்திப் பூட்டியதும் உறையை மட்டும் மெல்ல முன்னே தள்ளுவார்கள். திரையின் ஓரத்தில் உறையின் நுனி எட்டிப் பார்க்க வேண்டும். அது கண்ணில் பட்ட பிறகுதான் ஊசியின் பூட்டைத் திறக்கலாம். அவசரப்பட்டு உறை வெளியே வருமுன் ஊசியைத் தள்ளினால், அது கருவியின் உட்குழாயையே கிழித்துவிடும். வடிவமைப்பில் இரண்டு பூட்டு வைப்பது இதற்காகத்தான். கையைக் குறை சொல்வதைவிடப் பூட்டைச் சரியாகச் செய்வது மேல்.

நம் நாட்டில் மார்பின் நடுவே நெறி கட்டினால் புற்றுநோயோடு காசநோயும், நெறிக்கட்டிகளை வீங்கவைக்கும் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயும் சந்தேகப் பட்டியலில் வரும். ஊசியில் வரும் துளியைக் காசநோய்க் கிருமிக்கான ஜீன் சோதனைக்கும் அனுப்புகிறார்கள். அப்படியென்றால் அடுத்த நோயாளியின் தொண்டைக்குள் போகப்போகும் கருவி எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்! பலூனை ஒருவருக்கு மாட்டியதும் தூக்கிப்போட்டுவிடலாம். கருவியைத் தூக்கிப்போட முடியாது. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் வெப்பத்தை அதன் கிரிஸ்டலும் பசையும் தாங்காது. ஆகவே ரசாயனத்தில்தான் ஊறவைக்க வேண்டும். அதற்கு முன்பே கசிவுச் சோதனை: உள்ளே காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கி, முனையை வளைத்து வளைத்துப் பார்ப்பார்கள். எங்கிருந்தாவது குமிழி வரிசையாகக் கிளம்பினால் அந்தக் கருவி பழுதுபார்க்கப் போகும்; அடுத்து வரிசையில் இருப்பவருக்கு வேறு கருவி வேண்டும், இல்லையென்றால் வேறு தேதி.

நன்றி, வணக்கம்.