கவுன்சிலிங் அறைக் கதவு வரை போய்த் திரும்பி வருகிறவர்களுக்கு

(திரையில்: மூடிய கதவு. பக்கத்தில் சின்னப் பலகை, "மாணவர் ஆலோசனை மையம்".)

இப்படி ஒரு கதவை நான் மூன்று தடவை தாண்டிப் போயிருக்கிறேன். முதல் தடவை உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை வகுப்பில் கூடப் படிக்கிற ஒருவர் எதிரே வந்தார், வேறு எங்கோ போவதுபோல நடந்துவிட்டேன். மூன்றாவது தடவை தடுக்க யாருமே இல்லை. "நமக்கு அப்படி என்ன ஆகிவிட்டது? நிஜமாகக் கஷ்டப்படுகிறவர்கள் வரட்டும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது நான் ஒழுங்காகத் தூங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது.

வணக்கம். படிக்கிற காலத்தில் மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவது, என்ன சொல்லிக் கேட்பது, உள்ளே போனால் என்ன நடக்கும்? இன்று அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

"இன்னும் அந்த அளவுக்கு மோசமாகவில்லை" என்ற அந்த நினைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பலரைத் தடுத்து வைப்பது அதுதான். பல் வலித்தால் விழும்வரை காத்திருக்கிறோமா? மனசு விஷயத்தில் மட்டும் காத்திருக்கிறோம். 2005-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின்படி, மனநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன. அதாவது, கல்லூரிப் படிப்பு முடிகிற வயதுக்குள். உங்களுக்கு இப்போது இது வந்தால், நீங்கள் பலவீனமானவர் என்று பொருளில்லை. இளம் வயதில்தான் இது பெரும்பாலும் தொடங்கும்.

சரி, எப்போது போவது? மருத்துவர்கள் மனச்சோர்வைப் பற்றிக் கேட்கும்போது "கடந்த இரண்டு வாரமாக" என்றுதான் கேட்பார்கள். ஒரு நாள் மனசு கனப்பது வேறு. இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள்களில் எதிலும் ஆர்வமில்லை, தூக்கம் கெட்டுப்போய்விட்டது, படித்த பக்கத்தையே நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றால் போகலாம். அதற்கு முன்னாலும் போகலாம், யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

(திரையில்: ஒரு தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்.)

பல இடங்களில் முதலில் இந்தத் தாளைத் தருவார்கள். பெயர் பி.எச்.க்யூ-9, மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் கேள்வித்தாள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்று எடுத்துக்கொள்வார்கள். இது பரீட்சை இல்லை. நோயை உறுதி செய்கிற கருவியும் இல்லை, பேச்சைத் தொடங்க ஒரு வழி. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றுகிறதா என்று கேட்கும். அதைப் பார்த்ததும் பலர் பயந்து "இல்லை" என்று போட்டுவிடுவார்கள். தயவுசெய்து உண்மையைப் போடுங்கள். எந்த உதவி எவ்வளவு சீக்கிரம் வேண்டும் என்பதை அந்த ஒரு பதில்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அப்புறம், யார் யார் என்ன செய்வார்கள்? கவுன்சிலரும் உளவியலாளரும் பேச்சு வழியாக உதவுகிறவர்கள், பெரும்பாலும் மருந்து எழுதமாட்டார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். போன்ற மருத்துவப் படிப்பு முடித்து, மனநலத்தில் சிறப்புப் படிப்பும் படித்தவர், மருந்து தருவார். பொது மருத்துவரையும் மறந்துவிடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வு, இதே மந்தம் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் காரணத்தை மாதக்கணக்கில் "நான் சோம்பேறி" என்று நினைத்துச் சுமக்க வேண்டாம்.

மருந்து எழுதினால் ஒன்றை மனதில் வையுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். நாலாம் நாள் "ஒன்றும் மாறவில்லை" என்றும் நிறுத்தக்கூடாது, நாற்பதாம் நாள் "சரியாகிவிட்டது" என்றும் நிறுத்தக்கூடாது. ஆரம்ப வாரங்களில் பதற்றம் கூடினாலோ சாவு பற்றிய எண்ணம் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

(திரையில்: இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி.)

நாலாவது தடவை நான் உள்ளே போனேன். பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. முதலில் ஒரு படிவம், பிறகு, "இன்று உங்களை இங்கே கூட்டி வந்தது எது?" என்று ஒரே கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. "தெரியவில்லை, தூக்கம் வரவில்லை" என்றேன். "சரி, தூக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார் கவுன்சிலர். ஐம்பது நிமிடத்தில் பாதிக்கு மேல் நான்தான் பேசினேன். அழுகை வந்தது, அவர் அவசரப்படுத்தவில்லை. முதல் சந்திப்பில் தீர்வு கிடைத்துவிடாது. பிரச்சினையின் உருவம் மட்டும் கொஞ்சம் தெரியும். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

"வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? ஆசிரியரிடம் சொல்லிவிடுவார்களா?" பேசுவதை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் தொழிலின் அடிப்படை. விதிவிலக்கு உண்டு: உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் அவர்கள் மற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். இடத்துக்கு இடம் விதிகள் மாறும். அதனால் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல கவுன்சிலர் இதற்குக் கோபப்படமாட்டார்.

சில இடங்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம். பெயரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம். "யாராவது வராமல் போனால் அந்த நேரம் எனக்குக் கிடைக்குமா? குழுவாகச் சந்திப்பது இருக்கிறதா? நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேளுங்கள். போன இடத்தில் மனம் ஒட்டவில்லை என்றால் வேறு ஆளைக் கேட்பதும் உங்கள் உரிமை. ஒருவரோடு ஒத்துவரவில்லை என்பதால் கவுன்சிலிங்கே உங்களுக்குப் பயன்படாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

படிப்பு விஷயமும் இருக்கிறது. அசைன்மென்ட்டுக்குக் கூடுதல் நாள், தேர்வுக்கு மாற்றுத் தேதி, ஒரு செமஸ்டர் இடைவெளி, இதெல்லாம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆனால் கெடு தாண்டிய பிறகு கேட்டால் சிக்கல்தான். முன்னாலேயே கேளுங்கள். காரணத்தை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை, "உடல்நலக் காரணம், சான்று தருகிறேன்" என்பது பெரும்பாலும் போதும்.

இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், வீடியோவை இங்கே நிறுத்துங்கள். தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். கூப்பிட வேண்டிய உதவி எண்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவில் 988. உடனடி ஆபத்து என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நண்பர் ஒருவர் மேல் உங்களுக்குக் கவலையா? "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறான பயம். கேட்டபின் புத்திமதி வேண்டாம். கூடவே உட்காருங்கள், அந்தக் கதவு வரை கூட நடந்து போங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் கேட்டால் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

(திரையில்: செல்போனில் தட்டச்சாகும் செய்தி.)

கடைசியாக, முதல் செய்தி. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எழுதி, அழித்து, எழுதி, விட்டுவிடுவோம். அதனால் நானே எழுதித் தருகிறேன்.

"வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவர். மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை. ஒரு கவுன்சிலரைப் பார்க்க வேண்டும். செவ்வாய், வியாழன் மதியம் வர முடியும். போனைவிட மின்னஞ்சல் எனக்கு வசதி."

ஆண்டையும் வாரத்தையும் நாளையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். இதை ஒரு நிமிடம் திரையிலேயே விட்டுவைக்கிறேன், பார்த்து எழுதி அனுப்புங்கள்.