மிச்சத்தில் பிறந்த ருசி

நேயர்களுக்கு வணக்கம்.

போர்ச்சுகலுக்குப் போகிறவர்கள் அங்கே என்ன சாப்பிடலாம், என்ன வாங்கி வரலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து பேராகக் கூட்டிக்கொண்டு அந்த நாட்டுக்குப் போய்வருவதுதான் கொஞ்ச காலமாக என் பிழைப்பு. ஒயினைப் பற்றி அளவாகப் பேசுங்கள் என்றும் நிலையத்தில் சொன்னார்கள். சரி, அளவாகவே பேசுகிறேன்.

தினமும் சாவியைத் தேடுகிறோம், ஜன்னலைத் திறக்கிறோம், அலமாரியைக் குடைகிறோம், மேசையில் சாப்பிடுகிறோம். இந்த நாலு சொல்லும் போர்ச்சுகீசியர் இங்கே விட்டுப்போனவை. பீப்பாயும் அப்படித்தான். இலங்கைத் தமிழர் 'பாண்' என்று சொல்கிற ரொட்டியும் அப்படித்தான். ஆனால் அங்கே போய் உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் நம் ஆட்கள் முகம் சுருங்கிவிடும். 'நமக்கு மிளகாயைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இவர்கள்தானே, இவர்கள் ஏன் போட்டுக்கொள்வதில்லை?' என்று ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை.

காரத்தைத் தேடினால் அதிகம் கிடைக்காது. என்னைக் கேட்டால் அந்தச் சமையலுக்குச் சாவி வேறொன்று. மிச்சம். மிஞ்சியதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அந்த நாட்டின் பாதிச் சாப்பாடு புரிந்துவிடும்.

போர்ட்டோ நகரத்துக்காரர்களை மற்ற ஊர்க்காரர்கள் 'குடல் தின்னிகள்' என்பார்கள். 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயுத்தாவைப் பிடிக்கக் கிளம்பிய கப்பல்களுக்கு, ஊரார் நல்ல கறியையெல்லாம் உப்புப் போட்டு ஏற்றி அனுப்பிவிட்டு, மிஞ்சிய குடலைத் தாங்கள் சமைத்துச் சாப்பிட்டார்களாம். ஊர்க்கதைதான். ஆனால் வெள்ளை பீன்ஸும் சீரகமும் போட்டு, சோற்றோடு வரும் அந்தக் குடல் கறி இன்றைக்கும் அங்கே பெரிய கௌரவம். பட்டப்பெயரையும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டுக் கடைக்குப் போகும்முன் ஒரு எச்சரிக்கை. உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், வெண்ணெய், சில இடங்களில் ஒரு சின்னப் பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வந்துவிடும். உபசாரம் என்று நினைத்து நாங்கள் முதல் தடவை எல்லாவற்றையும் காலி செய்தோம். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை. தொடாமல் விட்டால் காசில்லை. வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே எடுத்துப் போய்விடுவார்கள், அதில் அவர்களுக்கு வருத்தமெல்லாம் கிடையாது.

அந்த ரொட்டிக்கு வருகிறேன். தெற்கே அலென்தேஜோ என்றொரு பெரிய சமவெளி. கோதுமை வயலும் ஆலிவ் மரமும் வெயிலும். கூலிக்காரர்களின் பூமியாக இருந்தது. அங்கே ரொட்டி பெரிது, மேல்தோல் தடிப்பு; நாலைந்து நாள் கிடக்கும், காயும், கல்லாகும். எறிவதில்லை. ஒரு கிராமத்து வீட்டில் அதை வைத்து 'அசோர்டா' செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அம்மாள் மர உரலில் நாலு பல் பூண்டு, கல் உப்பு, ஒரு பெரிய கைப்பிடி கொத்தமல்லித் தழை போட்டு இடித்தார். ஆமாம், நம் கொத்தமல்லிதான். அந்தப் பகுதியில் அது இல்லாமல் கை ஓடாது. பச்சை விழுதைப் பெரிய மண் கிண்ணத்தில் வழித்துப் போட்டு, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். பக்கத்து அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் முட்டையை உடைத்து விட்டு அரைவேக்காடாக எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கொதிநீரை அப்படியே கிண்ணத்தில் கொட்டினார் பாருங்கள், வீடு முழுக்கப் பூண்டும் மல்லியும் மணந்தது. கடைசியாகக் காய்ந்த ரொட்டித் துண்டுகளைப் போட்டு, மேலே முட்டை. வேலை முடிந்தது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். பேர் அரபியிலிருந்து வந்தது. அரபியர் ஆட்சி போய் எத்தனையோ நூற்றாண்டாகியும் கிண்ணம் போகவில்லை.

சைவர்கள் கவனிக்க: சில வீடுகளில் அந்தத் தண்ணீர் உப்புக் கருவாட்டை வேகவைத்த தண்ணீராக இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கே கிடைக்கும் பச்சைக் கீரை சூப்பிலும் ஒரு வில்லை பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். 'ஸெம் கார்னெ', அதாவது கறி இல்லாமல், என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. எஸ்ட்ரெலா மலையில் செய்யும் செம்மறிப் பாலாடைக்கட்டியில், பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பைச் சாறு போடுவதில்லை. ஊதா நிறத்தில் பூக்கும் ஒருவகை முட்செடியின் காய்ந்த பூவை ஊறவைத்துச் சேர்க்கிறார்கள். குளிர்காலத்தில் செய்தது, நன்றாகப் பழுத்தது கிடைத்தால் கத்தி வேண்டாம். மேல் மூடியை வெட்டி எடுத்துவிட்டுக் கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம்.

இனிப்புக்கு வந்தால் மிச்சத்தின் கதை இன்னும் ருசியானது. கன்னிமார் மடங்களில் முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்து அங்கிகளுக்குக் கஞ்சி போட்டார்கள் என்றும், கூடைகூடையாக மஞ்சள்கரு மீந்துபோனது என்றும் சொல்கிறார்கள். கையில் மதெய்ரா தீவிலிருந்தும் பிறகு பிரேசிலிலிருந்தும் வந்த சர்க்கரை. அப்புறம் என்ன, மஞ்சள்கருவும் பாகும் சேர்ந்து நூறு விதமான பலகாரம். பேர்களைக் கேளுங்கள்: கன்னியாஸ்திரியின் தொந்தி, தேவதையின் தாடைச்சதை, சொர்க்கத்துப் பன்றிக்கொழுப்பு. மடத்துக்குள் சிரிப்புக்குப் பஞ்சமே இருந்திருக்காது போலிருக்கிறது. 1834-இல் அரசு மடங்களைக் கலைத்தது. செய்முறைகள் தெருவுக்கு வந்தன. லிஸ்பனின் பெலெம் பகுதியில், ஜெரோனிமோஸ் மடத்துக்குப் பக்கத்தில் 1837-இல் தொடங்கிய கடை இன்றும் அந்த மடத்துக் கஸ்டர்டு அப்பத்தை விற்கிறது. வரிசை நீளம்தான். எனக்கு அதைவிட அவெய்ரோ ஊரின் பலகாரம் பிடிக்கும். மஞ்சள்கருப் பாகை, தேவாலயத்தில் நன்மை வாங்கும்போது கொடுக்கிற அப்பம் மாதிரியான மெல்லிய உறைக்குள் அடைத்து, சிப்பி, மீன், குட்டிப் பீப்பாய் வடிவில் வெட்டித் தருவார்கள். திகட்டும், ஒன்றோடு நிறுத்துங்கள்.

ஒயின். டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பலகைப் பலகையாக உடைகிற கல்லைப் பெயர்த்துப் படிக்கட்டு மாதிரி மலையைச் செதுக்கித் திராட்சை வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் விளைந்ததை போர்ட் ஒயினாக விற்கலாம் என்று 1756-லேயே எல்லை போட்டார் அன்றைய முதன்மை அமைச்சர் பொம்பால் பிரபு. பிழிந்த சாறு நுரைத்துப் பொங்கும்போது நடுவில் கடுஞ்சாராயம் ஊற்றி நிறுத்திவிடுவதால் பழத்தின் இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. அதுதான் போர்ட் ஒயின். பீப்பாய் என்று சொன்னேனே, அங்கே 'பிப்பா' என்பது அளவின் பேரும்கூட. ஒரு பிப்பா 550 லிட்டர். பிழிந்துபோக மிஞ்சிய தோலையும் விடுவதில்லை, அதைக் காய்ச்சி வடித்து 'பகாசு' என்று சின்னக் கண்ணாடிக் குவளையில் தருவார்கள். தொண்டை எரியும். நிலையத்தாருக்கு வாக்குக் கொடுத்தபடி இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போத்தலை விட்டுத் தக்கைக்கு வரலாம். தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத்துத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் உரிகிறது. அலென்தேஜோவில் சாலையோரம் வண்டியை நிறுத்தினால் பார்க்கலாம்: அடிமரம் இடுப்புக்கு மேல்வரை சட்டை கழற்றியது போலச் செங்காவியாக நிற்கும், அதில் வெள்ளைச் சாயத்தில் ஒரே ஒரு எண். நான் பார்த்த மரத்தில் 6 என்றிருந்தது. 2016-இல் உரித்தது என்று அர்த்தம். ஒன்பது வருஷம் ஆகாமல் மறுபடி கோடரி வைக்கச் சட்டம் விடாது. மரம் இருபத்தைந்து வயதைத் தொட்ட பிறகுதான் முதல் உரிப்பு. முதல் இரண்டு உரிப்பும் கரடுமுரடு, போத்தல் தக்கைக்கு ஆகாது. மூன்றாவது உரிப்புக்குள் நாற்பது வயது தாண்டிவிடும். பட்டையில் துளையிட்டுத் தக்கைகளை எடுத்தபின் மிஞ்சும் சல்லடைத் துண்டுகளை அரைத்து அமுக்கித் தரை ஓடாக்குகிறார்கள், செருப்பின் அடியாக்குகிறார்கள். கைப்பையும் குடையும்கூடச் செய்கிறார்கள். பை எடையே தெரியாது. நனைந்தாலும் கெடாது. வாங்கி வருவதற்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

சேவல் பொம்மை வேண்டுமென்பீர்கள். கருப்பு உடம்பு, சிவப்புக் கொண்டை, நாடு முழுக்க ஒவ்வொரு கடையிலும் நிற்கும். அதன் சொந்த ஊர் வடக்கே பார்செலோஸ். வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனால் மண் பொம்மைகளோடு கோழி, முட்டைக்கோஸ், கூடை எல்லாம் ஒரே இடத்தில் வாங்கலாம். அவசரத்தில் விமான நிலையத்தில் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

விலா ரியாலுக்குப் பக்கத்தில் பிசல்யாய்ஷ் என்ற சிற்றூரில் கரிய பானை வனைகிறார்கள். மண் கருப்பில்லை. தரையில் தோண்டிய குழியில் பானைகளை அடுக்கி, பைன் கிளைகளையும் பெரணியையும் போட்டுக் கொளுத்தி, தீ உச்சத்தில் இருக்கும்போது பாசியும் மண்ணும் கொட்டி மூடிவிடுவார்கள். காற்றுக்கு வழியில்லாமல் புகை உள்ளேயே சுழன்று களிமண்ணுக்குள் இறங்கும். திறக்கும்போது எல்லாம் கருப்பு. 2016-இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வனைகிற குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுப்பில் வைத்து அரிசி வேகவைக்கும் தட்டையான சட்டி ஒன்று நான் வாங்கினேன். துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்தும் விளிம்பில் ஒரு சில்லு போய்விட்டது. அதிலேதான் இன்றும் சமைக்கிறேன்.

கடைசியாக ஒரு கைக்குட்டை. மின்யோ பகுதியில் பெண்கள் தாங்கள் விரும்பியவனுக்கு வெள்ளைத் துணியில் பூ, பறவை, இதயம், இரண்டு வரிக் கவிதை எல்லாம் தைத்துக் கொடுப்பார்கள். அவன் அதைப் பொது இடத்தில் அணிந்து வந்தால் சம்மதம். எழுதப் படிக்க அரைகுறையாகத் தெரிந்த பெண்கள், பேசுகிறபடியே தைத்தார்கள். அந்த ஊர்ப் பேச்சில் 'வ' என்பது 'ப' ஆகிவிடும், கைக்குட்டையிலும் அப்படியே விழுந்துவிட்டது. இன்றைக்கு விலா வெர்டேயில் தைக்கிற பெண்களுக்கு எழுத்து நன்றாகவே தெரியும், இருந்தும் பிழையைப் பிழையாகவே தைக்கிறார்கள். என் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். பிழையில்லாத ஒன்று கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கடைக்காரப் பெண் பெட்டிக்குள் தேடி, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் எழுத்தே இல்லை, பறவை மட்டும்தான் இருந்தது. வாத்தியார் அதைத்தான் வாங்கினார்.

நன்றி, வணக்கம்.