விரதத்தன்னிக்குத் தலை சுத்தின அம்மாவை மறுபடி வெளிய கூட்டிட்டுப் போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். "அம்மாவுக்கு 71 வயசு. தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு ரெண்டும் இருக்கு. காலைல மெட்ஃபார்மின், கிளிக்லசைட், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதையசைட்னு நாலு மாத்திரை. வெள்ளிக்கிழமை விரதம் இருந்து கோயிலுக்குப் போன இடத்துல, தீபாராதனைக்கு நிக்கும்போது வேர்த்து, தலை சுத்தி உக்காந்துட்டாங்க. இனிமே வெளிய போகவே வேணாம்னு அண்ணன் சொல்லிட்டாரு. அம்மா ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கூட்டிட்டுப் போகலாமா?"

போகலாம், சகோதரி. ஆனா இந்த வாரம் வேணாம். அம்மாவுக்குத் தலை சுத்தினது கோயிலுக்குப் போனதால இல்ல. அன்னிக்குக் காலைல வீட்டுல நடந்ததால. அதைச் சரிபண்ணிட்டுக் கிளம்புங்க.

அந்தக் காலைப்பொழுதை எடுத்துப் பார்ப்போம். விரதம்னா பசியாறல. ஆனா மாத்திரையை மட்டும் தவறாம போட்டிருப்பாங்க. நாலு மாத்திரைல கிளிக்லசைட்தான் இங்க முக்கியம். அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு அது பார்க்காது. சாப்பிடாம போட்டா ரத்தத்துல இனிப்பு இறங்கிக்கிட்டே போகும். மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இப்படி ஆகிறது அபூர்வம். அதனால "எனக்கும் இனிப்புநீர்தான், நான் விரதம் இருக்கேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னா, அவங்க என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேளுங்க.

தோட்டத்துல வேலை செஞ்சவங்ககிட்ட இன்னொரு பழக்கமும் இருக்கு. விடியறதுக்கு முன்னாடி குளிர்ச்சியா இருக்கிற நேரத்துலதான் பால் நல்லா வடியும். அதனால இருட்டோட எந்திரிச்சு, ஒரு கோப்பியைக் குடிச்சிட்டு மரத்துக்குப் போயிடுவாங்க, பசியாறுறது பின்னாடிதான். தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் குடிவந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த வழக்கம் போகாது. விரதமே இல்லாத நாள்ல கூட வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டுப் பாசாருக்குக் கிளம்புவாங்க. அதையும் கவனிங்க.

அடுத்தது, நிக்கும்போது பிரஷர் இறங்குறது. ஹைட்ரோகுளோரோதையசைட் மூத்திரமா உப்பையும் தண்ணியையும் வெளியேத்தும். அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்தும். பல வருஷமா இனிப்புநீர் இருந்தா, நாம எந்திரிச்சு நிக்கும்போது குழாயை இறுக்கிப் பிடிக்கிற நரம்பும் மந்தமாயிருக்கும். போதாததுக்கு, வெளிய கழிவறை சரியில்லைன்னு பெண்கள் தண்ணியே குடிக்காம கிளம்புவாங்க. அப்புறம் கூட்டத்துல, புழுக்கத்துல, அசையாம இருபது நிமிஷம் நின்னா ரத்தம் கால்லயே தங்கிடும். தலை சுத்தாம என்ன செய்யும்?

இங்க அண்ணனுக்கு ஒண்ணு சொல்லணும். பயப்படுறது நியாயம்தான். ஆனா நிக்கும்போது ரத்தத்தை மேல தள்ளி அனுப்புறது கெண்டைக்கால் சதை. வீட்டுலயே ஆஸ்ட்ரோ டிவி முன்னாடி உக்கார வச்சா அந்தச் சதை கரையும். இந்த வயசுல சில வாரத்துலயே தெரிய ஆரம்பிச்சிடும். அப்புறம் குளியலறைக்கு எந்திரிச்சுப் போகும்போதே தலை சுத்தும். வெளிய விழக்கூடாதுன்னு உள்ள வச்சா, உள்ளயே விழுவாங்க.

சரி, என்ன செய்யணும். வீட்டுல பிரஷர் மெஷின் இருந்தா இந்த வாரமே ஒரு சோதனை பண்ணுங்க. அம்மாவை அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒரு தடவை எடுங்க. அப்புறம் எந்திரிச்சு நிக்கச் சொல்லி, ஒரு நிமிஷத்துல ஒரு தடவை, மூணு நிமிஷத்துல ஒரு தடவை எடுங்க. ஒரே கை. நிக்கும்போது அந்தக் கையைத் தொங்கவிடாம நெஞ்சு மட்டத்துக்குத் தாங்கிப் பிடிக்கணும், இல்லைன்னா அளவு கூடிக் காட்டி ஏமாத்திடும். பக்கத்துல ஒருத்தர் பிடிக்கத் தயாரா இருக்கணும். மேல் எண் 20 அல்லது அதுக்கு மேல, இல்லைன்னா கீழ் எண் 10 அல்லது அதுக்கு மேல இறங்கினா, அதுதான் பிரச்சினை. மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவைன்னு மூணு நாள் எழுதி வைங்க.

அந்தத் தாளை எடுத்துக்கிட்டுக் கிளினிக் போங்க. அடுத்த தவணை வரைக்கும் காத்திருக்க வேணாம். டாக்டர்கிட்டயும் மருந்து கவுண்டர்லயும் "விரத நாள்ல கிளிக்லசைட் எப்படிப் போடணும்?"னு நேரா கேளுங்க. நோன்பு மாசத்துல முஸ்லிம்களுக்கு மருந்தோட அளவையும் நேரத்தையும் மாத்திக் குடுக்கிறது நம்ம கிளினிக்ல வழக்கமான வேலை. நம்மாளுங்க வெள்ளிக்கிழமை விரதம், புரட்டாசிச் சனி, தைப்பூச விரதம் எதையும் வாயைத் திறந்து சொல்றதில்ல. சொல்லாம டாக்டருக்கு எப்படித் தெரியும்? மூத்திர மாத்திரையை வெளிய போற நாள்ல திரும்பி வந்து போடலாமான்னும் அப்பவே கேட்டுக்குங்க. நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா பாதியா உடைக்காதீங்க.

கிளினிக்ல வேற பதில் கிடைக்கிற வரைக்கும் அம்மா முழு விரதம் இருக்க வேணாம். சைவமா சாப்பிட்டே விரதம் இருக்கலாம். ரெண்டு இட்லி, சாம்பார், இல்லைன்னா ஒரு தோசையும் கொஞ்சம் கடலையும் போதும். சாப்பிட்டுத்தான் மாத்திரை.

கிளம்புற அன்னிக்கு எப்படி? எட்டரை மணிக்குக் கிளம்புறதா இருந்தா ஆறரைக்கு எந்திரிக்கணும். கண் முழிச்ச உடனே நிக்கக் கூடாது. கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்து, பாதத்தை மேலயும் கீழயும் இருபது தடவை ஆட்டிட்டு எந்திரிக்கணும். ஏழு மணிக்குள்ள ரெண்டு கிளாஸ் தண்ணி, அதாவது 400 மில்லி. இதயப் பலவீனம், சிறுநீரகக் கோளாறுன்னு டாக்டர் தண்ணியை அளந்து குடிக்கச் சொன்னவங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஏழுக்கே குடிச்சிட்டா எட்டேகாலுக்கு வீட்டுலயே ஒரு தடவை போயிட்டு வந்துடலாம், வெளிய கழிவறை தேட வேண்டியதில்ல. ஊசி குத்திப் பார்க்கிற மெஷின் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க. ரத்தத்துல இனிப்பு 5 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான் படி இறங்கணும். காய்ச்சல், வாந்தி, வயித்துப்போக்கு இருக்கிற நாள்லயும், புகைமூட்டம் வந்து காத்துத் தரக் குறியீடு 100ஐத் தாண்டின நாள்லயும் பயணத்தைத் தள்ளிப் போட்டுடுங்க.

பைல என்ன இருக்கணும்? சின்னப் போத்தல்ல மூணு தேக்கரண்டி சீனி, தனியா ஒரு தண்ணி போத்தல், நாலு பிஸ்கட், அடையாள அட்டை, மாத்திரைப் பேர்களை எழுதின தாள். ஒரு மாச மருந்தையும் தூக்கிட்டுப் போகாதீங்க. வெயில்ல நிக்கிற கார்ல வச்சா கெட்டுடும்.

அம்மாவுக்கு வேர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தா இனிப்பு இறங்கிருச்சுன்னு வச்சுக்கிட்டு நடங்க. வயசானவங்களுக்கு நடுக்கமே வராம, சம்பந்தமில்லாமப் பேசுறதும் எரிஞ்சு விழுறதும்தான் முதல் அடையாளமா வரலாம். பைசோபிரோலோல், அதெனோலோல் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைஞ்சிடும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும். உடனே உக்கார வச்சு அந்த மூணு தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணில கலக்கிக் குடுங்க. பதினஞ்சு நிமிஷம் பாருங்க. தெளியலைன்னா, இல்ல மெஷின்ல 4க்குக் கீழ காட்டினா, இன்னொரு தடவை குடுங்க. பால் ஊத்தின மைலோ வேணாம், சாக்லேட்டும் வேணாம். கொழுப்பு இருக்கிறதால இனிப்பு ரத்தத்துல ஏற நேரமாகும். தெளிஞ்ச உடனே பிஸ்கட் சாப்பிடணும். கிளிக்லசைட் உடம்புல மணிக்கணக்கா வேலை செய்யுற மாத்திரை. அதனால ஒரு தடவை இறங்கினது அன்னிக்கே மறுபடி இறங்கலாம். அன்னிக்குப் பயணம் அதோட முடிஞ்சுது, கிளினிக்ல காட்டிட்டு வீட்டுக்குத் திரும்புங்க. கோடாலித் தைலம் தேய்ச்சா மனசுக்கு இதமா இருக்கும், இனிப்பை ஏத்தாது.

இன்னொரு தப்பு எல்லாக் கூட்டத்துலயும் நடக்கும். மயங்கிச் சாயுறவங்களை நாலு பேர் சேர்ந்து தூக்கி நிமிர்த்தி நாற்காலில உக்கார வச்சு, வாயில தண்ணி ஊத்துவாங்க. ரெண்டுமே ஆபத்து. பெரும்பாலும் பிரஷர் இறங்கித்தான் மயங்குறாங்க, நிமிர்த்தினா மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும். தரையில படுக்க வச்சுக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்க. நினைவில்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். 999க்குக் கூப்பிடுங்க. வாய் கோணுறது, ஒரு கை தொங்குறது, பேச்சு குழறுறது இருந்தா அது வேற. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு உடனே 999. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு ஆரம்பிச்ச நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

கல்லுமலைக்கு முன்னாடி கால் தயாரா இருக்கான்னு வீட்டுலயே பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவர் ஓரமா போடுங்க. ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கா வச்சுக்கிட்டு, 30 விநாடில எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணுங்க. 70லேர்ந்து 74 வயசுப் பெண்களுக்கு 10க்குக் குறைஞ்சா விழுற அபாயம் கூடுதல். ஆண்களுக்கு அதே வயசுல 12. குறைஞ்சிருந்தா இந்தப் பயிற்சியையே தினம் ரெண்டு வேளை, முடிஞ்ச அளவு செய்யச் சொல்லுங்க. கூடவே வீட்டுப் பக்கத்துல பத்து நிமிஷ நடை. பக்கத்துக் கோயில், அப்புறம் காலைப் பாசார், அதுக்கப்புறம் ஈப்போ. பத்துமலையோட 272 படியை இப்போதைக்குப் பேச வேணாம்.

கைத்தடி வேணும்னா, செருப்புப் போட்டு நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு எங்க இருக்கோ, அதுதான் தடியோட உயரம். வலிக்கிற முட்டிக்கு எதிர்ப் பக்கத்துக் கையில பிடிக்கணும். நிறையப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறாங்க. குடையைத் தடியா ஊன்றுறதை நிறுத்துங்க. நுனி வழுக்கும், அதுவும் கடை முன்னாடி அஞ்சடி நடைபாதையில தண்ணி ஊத்திக் கழுவின நேரத்துல. படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல.

ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். கார்ல போறது சுலபம். முதல்ல இடுப்பை சீட்டுல வச்சு உக்காந்துட்டு, ரெண்டு காலையும் சேர்த்து உள்ள திருப்பணும். தைப்பூசக் கூட்டத்துல வேணாம், சாதாரண நாள்ல காலைல போயிட்டு மதியத்துக்குள்ள திரும்பிடுங்க. மூணு மணிக்கு மேல இடிமழை பிடிச்சா தரையெல்லாம் வழுக்கும். தீபாராதனை வரைக்கும் நாற்காலில உக்காந்திருந்து, அந்த நேரத்துக்கு மட்டும் எந்திரிக்கட்டும். சாமி கோவிச்சுக்காது. அன்னதானம் இருந்தா பாதி இலைச் சாப்பாடு போதும். வயிறு நிறைஞ்சா ரத்தம் குடல் பக்கம் போகும், பிரஷர் இறங்கும். சாப்பிட்டதும் எந்திரிக்காம அரை மணி நேரம் உக்காந்திருக்கணும்.

வெறுங்காலோட நடக்கிறதுதான் நிறையப் பேர் மறக்கிற விஷயம். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்களுக்குச் சிமெண்டுத் தரை சுடுறதே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தா கொப்புளம். பத்து மணிக்குள்ள சுத்தி முடிக்கணும், கோயில்ல அனுமதிச்சா பருத்திக் காலுறை போட்டுக்கலாம். சாயங்காலம் நீங்களே அம்மாவோட உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்துல பாருங்க. குதிகால் வெடிப்புக்குக் கிரீம் தடவலாம், விரல் இடுக்குல மட்டும் தடவக் கூடாது, ஈரம் தங்கிப் புண்ணாகும். கொப்புளம் இருந்தா ஊசியால குத்தாதீங்க. சுத்தமான துணியால மூடி, மறுநாள் காலையிலேயே கிளினிக் மிஸ்ஸிகிட்ட, அதாவது நர்ஸ்கிட்ட, காட்டிடுங்க.

அடுத்த கேள்விக்குப் போவோம்.