காலை வெயிலில் பார்க்க வேண்டிய கலர்

வணக்கம் நேயர்களே. நான் டூவீலர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். டேங்க் நசுங்கிய வண்டி, சைடு பேனல் உடைந்த வண்டி, மட்கார்டு உரசிய வண்டி, இவைதான் என் பட்டறைக்கு வரும். ஸ்டாண்டு போட்டு இறங்கியதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, கலர் அப்படியே வந்துருமா?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வரும். ஆனால் டப்பாவைத் திறந்ததும் வந்துவிடாது.

கம்பெனி கலர் கோட், அதாவது அந்த நிறத்துக்கான குறியீட்டு எண், இருக்கிறது, கடையில் நம்பரைச் சொன்னால் மெஷினில் கலந்து கொடுத்துவிடுவார்கள், வாங்கி அடித்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கோட் நம்பர் வேண்டும்தான். பல வண்டிகளில் சீட்டைத் தூக்கினால் ஸ்டிக்கர் இருக்கும். ஆனால் அந்த நம்பர் சொல்வது, வண்டி கம்பெனியை விட்டு வந்த அன்றைய கலரை. அதற்கப்புறம் உங்கள் வண்டி எத்தனை வருஷம் வெயிலில் நின்றது என்பது அந்த நம்பருக்குத் தெரியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் சிவப்பு கலர் வண்டி கொண்டுவந்தார். தினமும் பஸ் ஸ்டாண்டு ஓரம் வெயிலில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவர். டேங்கில் மட்டும் நசுங்கல். நான் சைடு பேனலைக் கழற்றிப் பார்த்தேன். உள் மடிப்பில் பெயிண்ட் புத்தம் புதிதாக இருந்தது. இதுதான் உண்மையான கலர் என்று முடிவு பண்ணி, அதை வைத்தே கலந்தேன். மடிப்போடு ஒட்டிப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இல்லை. டேங்கை மாட்டினேன். டேங்க் குங்குமம் மாதிரி நிற்கிறது, பக்கத்தில் இரண்டு பேனலும் பழைய செங்கல் மாதிரி இருக்கின்றன. வண்டிக்காரர் டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சைடு பேனலை ஏன் தம்பி மாத்துனீங்க?" அவர் கண்ணுக்கு மாறியது பேனல்தான். மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலிலிருந்து அடித்துக் கொடுத்தேன். காசு கேட்க மனசு வரவில்லை.

சிவப்பு ஏன் இப்படி ஆகிறது? பளிச்சென்ற பல சிவப்புகளில் இருக்கும் நிறப்பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடுகிறது. கறுப்பு கரியிலிருந்து வருவது, அதை வெயில் அசைக்காது. அதனால்தான் மெரூன் வண்டி பல வருஷத்தில் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகிறது. அதிலிருந்த சிவப்பு போய்விட்டது, கறுப்பு அப்படியே இருக்கிறது. நீலம் நன்றாகத் தாங்கும். வெள்ளை வண்டியில் மேலே உள்ள கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, மஞ்சளடித்துப் போகும்.

ஆகவே ஒரு பார்ட்டை மட்டும் அடிக்கும்போது சாம்பிள், அதை ஒட்டி நிற்கும் வெயில் பட்ட பகுதிதான். அதையும் அப்படியே பார்க்கக் கூடாது. பழைய பெயிண்டின் மேல்பரப்பு செத்துப்போய் மங்கலாக இருக்கும். உள்ளங்கை அளவு இடத்தை காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்துவிட்டு, அதில் தெரியும் கலரைத்தான் பிடிக்க வேண்டும். தேய்க்காமல் மேட்சிங் செய்தால் அழுக்குக்கு மேட்சிங் செய்ததாகத்தான் ஆகும்.

முழு வண்டியையும் அடிப்பதென்றால் கணக்கு தலைகீழ். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-லிருந்து 1996 வரை நம் நாட்டில் வந்த வண்டி, இன்றும் பிள்ளையைப் போல வைத்துப் பார்க்கிறார்கள். "அப்பா வாங்கும்போது இருந்த அதே கலர் வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு வெளிப்பக்கம் எதற்கும் உதவாது. நடுவில் எத்தனை கை பெயிண்ட் ஏறியதோ. அங்கே பேனலின் உள் மடிப்பையும், டேங்கில் சீட் மறைக்கும் இடத்தையும், டேங்கின் அடிவயிற்றையும் தேடுவேன். அன்று என்னை ஏமாற்றிய அதே மறைவிடம்தான் இங்கே சாட்சி.

சரி, கலர் கலந்தாகிவிட்டது. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் கலர்களில் கலப்பை விட அடிக்கும் கைதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. மெட்டாலிக் பெயிண்டுக்குள் இருப்பது பொடிப்பொடியான அலுமினியச் செதில்கள். சில்லறைக் காசைத் தரையில் பரப்பினால் காசின் முகம் தெரியும், பளபளக்கும். நிறுத்தி வைத்தால் விளிம்புதான் தெரியும். செதிலும் அப்படித்தான். ஈரமாக, கனமாக அடித்தால் செதில்கள் உள்ளே அமிழ்ந்து கோணலாக நின்றுவிடும், நேராகப் பார்க்க கலர் இருண்டு தெரியும். தூரத்தில் பிடித்து, பிரஷரைக் கூட்டி, ஈரம் குறைவாக, உலர்வாக அடித்தால் செதில்கள் மேலே தட்டையாகப் படுத்துக்கொள்ளும், கலர் வெளுத்துத் தெரியும். ஒரே டப்பா, ஒரே ஸ்பிரே கன், இரண்டு பேர் அடித்தால் இரண்டு சில்வர்.

கத்திரி வெயிலில் இன்னும் சிக்கல். பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னரில் வேகமாகக் காயும் வகையைப் போட்டால், கன்னிலிருந்து டேங்குக்குப் போகிற வழியிலேயே பாதி ஆவியாகிவிடும். அதனால் கோடையில் மெதுவாகக் காயும் தின்னர்தான். கன்னை ஒரு சாணுக்கு மேல் விலக்குவதில்லை. கடைசியில் ஒரு மெல்லிய மிஸ்ட் கோட், பனி படர்ந்த மாதிரி ஒரு பூச்சு. அது திட்டுத்திட்டாகத் தெரிவதைச் சமன் செய்யும்.

மெட்டாலிக்கை நேராக மட்டும் பார்த்துவிட்டு சரி என்று சொல்லக் கூடாது. குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்க வேண்டும். நேரில் ஒத்துப்போன கலர் சாய்வில் கறுத்துக் காட்டும். அப்போது சில பேர் இன்னும் சில்வரைக் கொட்டுவார்கள். அது சாய்வை இன்னும் கறுக்கவே வைக்கும். துளி வெள்ளை சேர்த்தால் சாய்வு வெளுக்கும், ஆனால் மினுமினுப்பும் கொஞ்சம் செத்துப்போகும். அதனால் சொட்டுக் கணக்கில்தான் விட வேண்டும்.

இத்தனையையும் டேங்கின் மேலேயே சோதித்துப் பார்க்க முடியாது. இதற்காக என்னிடம் தகரத் துண்டுகள் இருக்கின்றன. உள்ளங்கை அகலம், நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. டேங்குக்கு அடிக்கப்போகும் அதே பிரைமர் (அடிப்பூச்சு), அதே தின்னர், அதே பிரஷர், அத்தனை கோட், மேலே கிளியர், எல்லாம் அடித்து முழுசாகக் காயவிடுவேன். காயாத பெயிண்டை நம்பவே கூடாது. கலர் இருக்கும் பேஸ் கோட் காய்ந்ததும் மங்கி வெளுக்கும், கிளியர் ஏறினால்தான் ஆழம் வரும். காய்ந்த தகரத்தைப் பழைய பெயிண்டின் மேல் வைத்தால், ஓட்டைக்குள் பழைய கலர், சுற்றிலும் புதுக் கலர். ஓட்டையின் விளிம்பு கண்ணுக்கு மறைய மறைய, கலர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். எத்தனை கோட், என்ன கலவை என்று தகரத்தின் பின்னால் எழுதிவைத்துவிடுவேன்.

முத்து மாதிரி மினுங்கும் பேர்ல் வெள்ளைக்கு இந்தத் தகரம் இல்லாமல் வேலையே கிடையாது. அடியில் வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்று மூன்று அடுக்கு. நடு அடுக்கு ஒரு கோட் கூடினாலும் கலர் மாறும். தகரத்தை நாலு கட்டமாகப் பிரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு கோட் அடித்து, எந்தக் கட்டம் ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் கை வைக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் அடியில் இருப்பதை மறைக்காத கலர்கள். கிரே பிரைமருக்கு மேல் ஒரு சிவப்பு, வெள்ளை பிரைமருக்கு மேல் வேறு சிவப்பு. நசுங்கலை நிரப்பப் பட்டி பார்த்த இடம் தனியாகத் தெரியாதபடி பிரைமர் ஒரே சீராக இருக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். டியூப் லைட்டுக்குக் கீழே ஒத்துப்போகிற இரண்டு கலர், வெளியே வந்தால் பிரிந்துவிடும். ஜவுளிக்கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது இதற்காகத்தான். நானும் தகரத்தைக் காலை வெயிலில் ஒரு தடவை, அப்புறம் நிழலில் ஒரு தடவை பார்ப்பேன். பார்த்த முதல் இரண்டு மூன்று நொடியில் கண் சொல்வதுதான் சரி. முறைத்துக்கொண்டே இருந்தால் கண் சோர்ந்து எல்லாம் ஒன்றாகத் தெரியும். சிமெண்ட் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். பளிச்சென்ற சட்டையும் கூடாது, அதன் சாயல் டேங்கில் விழும்.

பாதி டேங்க் மட்டும் அடித்துக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். ஒரு பார்ட் என்றால் முழுப் பார்ட். டூவீலரில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் நடுவில் இடைவெளி இருப்பது பெரிய உதவி. வளைந்த டேங்கில் வெளிச்சம் விழுவது ஒரு மாதிரி, நிமிர்ந்த பேனலில் வேறு மாதிரி, அதனால் சின்ன வித்தியாசம் அமுங்கிவிடும். புது வண்டியிலேயே அது கொஞ்சம் இருக்கும். காரணம், இரும்பு டேங்கைச் சூளையில் 140 டிகிரி அளவில் வாட்டலாம், பிளாஸ்டிக் பேனல் அதைத் தாங்காது, அதைத் தனியாகக் குறைந்த சூட்டில்தான் வாட்டுவார்கள். ஆனால் சைடு பேனலும் டெயில் பேனலும் ஒரே வரிசையில் ஒட்டி வரும். அங்கே தப்பு நடந்தால் ரோட்டில் போகிறவருக்கும் தெரியும்.

பட்டறைத் தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயிண்ட் இறுகக் கலக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா கொண்டுவரும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் அது நிற்காது. வெளிக்காற்று வரும் முகமூடி போடுங்கள். பெட்ரோல் வடித்த டேங்கிலும் ஆவி இருக்கும், சுத்தமாகக் கழுவிக் காயவைக்காமல் பக்கத்தில் நெருப்பு கொண்டுபோகாதீர்கள்.

வண்டி கொடுத்தவர்களுக்கு: வண்டியை எடுத்துப்போக சாயங்காலம் வராதீர்கள், காலையில் வாருங்கள். வெளியே தள்ளி நிறுத்தச் சொல்லி, நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். கிளம்பும்போது ஹார்டனர் கலக்காத பேஸ் கலரில் ஐம்பது மில்லி கேட்டு வாங்கி, இறுக்க மூடி, மேலே தேதி எழுதி வீட்டில் வையுங்கள். சின்னக் கீறல் விழும்போது அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.